பதினாலாம் மரத்து ஆந்தை

கள்ளக்குறிச்சியில் நேற்று ஒரு கண்காட்சி. கல்வராயன் மலை விலங்குகள், பறவைகள். ஓர் ஆந்தைப் படத்தின் முன்னால் நின்றுவிட்டேன். மூலையில் 'மரம் 14' என்று என் அப்பாவின் கையெழுத்து. கீழே அச்சடித்த அட்டை: 'ஓவியர் பெயர் தெரியவில்லை.'

தெரியவில்லையா?

அப்பா தியாகதுருகத்தில் டிராயிங் மாஸ்டர். மலையில் பார்த்த கரடியை வரைந்துகொண்டே அதன் குடும்பச் சண்டையைக் கதையாகச் சொல்வார். சாலையோரப் புளியமரங்களில் பெயின்டால் எண் போட்டிருக்கும். எந்த எண் மரத்தில் எந்தப் பறவை குடியிருக்கிறது என்று நோட்டில் படம் வரைந்து குறித்துவைப்பார்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் அந்த மரங்களை வெட்டிச் சாலையை மறித்தார்கள். ஊரெல்லாம் பச்சை மர வாசனை. வெட்டியவர்களைத் தேடி வந்த போலீஸ், வாசலில் நின்ற அப்பாவின் சைக்கிளிலிருந்து நோட்டை எடுத்துப் பிரித்தது.

"இன்னாய்யா இது, வெட்டுற மரத்துக்கு லிஸ்ட்டா?"

"ஆந்தைங்க இருக்கிற மரங்க சார். குஞ்சு பொரிச்சிருக்குதுங்க."

சிரித்தார்கள். பத்து நாள் உள்ளே வைத்தார்கள். நோட்டு திரும்பி வரவேயில்லை. அப்பா அதன்பிறகு ஒரு காக்காயைக்கூட வரையவில்லை.

பெயர் தெரியவில்லையாம்! நோட்டின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருந்தது. அன்றைக்கு அதைப் படித்துத்தானே தெருவே கேட்கக் கத்தினார்கள்: "யார்ரா இங்க கோதண்டம்? வெளிய வாடா!"