குப்புற விழாத குழந்தை

குழந்தைகள் வார்டு டாக்டரம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் 'சந்தேகம்' என்று பெயர். வீட்டிலும் அப்படித்தான். பால் கெட்டுப்போச்சு என்று கணவர் சொன்னால், தானே மோந்து பார்க்காமல் கொட்ட விடமாட்டார். பட்டப்பெயரைப் பற்றி அவருக்கு வருத்தமில்லை. மாமியார் வைத்ததைவிட இது எவ்வளவோ மேல்.

அந்த ஆஸ்பத்திரியில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கசங்கிய சட்டைக்காரர் பிள்ளைக்குக் காயம் என்றால் யாரோ அடித்திருப்பார்கள். இஸ்திரி போட்ட சட்டைக்காரர் பிள்ளை என்றால் தானாக விழுந்திருக்கும். வசதியான வீட்டுக் கட்டில்களுக்குப் பிள்ளையைத் தள்ளிவிடுவதுதான் வேலை போலிருக்கிறது.

ஒரு நாள் காலை, தொடை எலும்பு முறிந்த கைக்குழந்தை ஒன்று வந்தது. பிறந்து மூன்று மாதம் இருக்கும். அப்பா பெரிய கடைக்காரர். வார்டுக்கு ஏசி வாங்கிக் கொடுத்தவர். ஏசியைவிட அதன்மேல் எழுதிய அவர் பெயர்தான் பெரிது.

"கட்டில்ல உருண்டு விழுந்துட்டான் டாக்டர். சரியான வாலு," என்று சிரித்தார்.

டியூட்டி டாக்டரும் சிரித்து, அப்படியே எழுதி, கட்டுப் போட்டு அனுப்பத் தயாராக இருந்தார். டாக்டரம்மா குழந்தையின் அம்மா பக்கம் திரும்பினார்.

"புள்ள எப்பம்மா குப்புற விழுந்தான்?"

"இன்னும் விழலங்க. தலையே இப்பதான் நிக்குது," என்றவள் கணவன் முகத்தைப் பார்த்தாள். "இன்னைக்கு மட்டும் உருண்டுட்டான் போல."

குழந்தையின் காது மடலை மெல்ல விலக்கினார் டாக்டரம்மா. பின்னால் நீலம் பாரித்திருந்தது. தொடையும் காதும் சேர்ந்து தரையில் படுவதற்கு இதென்ன சர்க்கஸ் பிள்ளையா என்ற கேள்வி வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். இப்போது சண்டை போட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த முறை எந்த எலும்போ.

"அட்மிட் பண்ணுங்க. உடம்பு முழுக்க எக்ஸ்ரே எடுக்கணும்."

மேனேஜர் ஓடி வந்தார். "மேடம், சார் யாருன்னு தெரியுமில்ல?"

"தெரியும். நீங்க அவருக்கு காபி குடுங்க. நான் புள்ளையப் பாக்கறேன்."

எக்ஸ்ரேயில் விலா எலும்புகள் சொல்லிவிட்டன. பழைய முறிவுகள், ஆறிக்கொண்டிருந்தன.

மேனேஜருக்கு உடனே ஞானம் பிறந்தது. "அந்த ஆயா வேலையாத்தான் இருக்கும்." அந்த வீட்டில் ஆயா இருக்கிறாளா என்றே ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் டியூட்டி டாக்டர் தலையாட்டினார்.

"யாரு செஞ்சாங்கன்னு கண்டுபிடிக்க வேற ஆளுங்க இருக்காங்க. விழுந்ததுல இது ஆகாதுன்னு சொல்றது நம்ம வேலை," என்று டாக்டரம்மா குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

வந்த அதிகாரி, விசாரணை முடியும்வரை குழந்தை ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும் என்றார். கடைக்காரர் குதித்தார். ஏசியைக் கழற்றிக்கொண்டு போவேன் என்றார்.

"தாராளமா கழட்டுங்க சார். ஜன்னல் நல்லாத்தான் திறக்குது," என்றார் டாக்டரம்மா.

கடைக்காரர் தன் மனைவியைப் பார்த்தார். "நீ கிளம்பு. வீட்டுக்குப் போலாம்."

அவள் குழந்தையின் கட்டிலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கணவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பால் குடுக்கணும். நீங்க போங்க."