கல்லறை மண் பூசிய ஓவியம்

எண்பதுகளின் கடைசியில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியேறிய கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டு மேலறையில் கானா நாட்டுப் பெண் ஓவியர் ஒருவர் வாடகைக்கு இருந்தார். தன் முதல் கண்காட்சிக்கென்று ஒரு பெரிய ஓவியத்தில் எட்டு மாதம் வேலை செய்தார். முகமில்லாத மூன்று பெண்கள் சுரைக்குடுவையைச் சரித்து முன்னோருக்கு மது வார்க்கிறார்கள். அவர்கள் நிற்கும் செந்நிலம் வர்ணமல்ல. தாயின் கல்லறையிலிருந்து அள்ளிவந்த மண்ணைப் பசையில் குழைத்துப் பூசியிருந்தார். என்னை நம்பித்தான் அதைச் சொன்னார். நான் அதை மனைவியிடம் சொன்னேன்.

கண்காட்சிக்கு முந்தின சனிக்கிழமை, மகள் பெரியவளானதற்குச் சாமத்தியச் சடங்கு. ஓவியர் லீட்ஸுக்குப் போயிருந்தார். ஞாயிறு திரும்புவார், திங்கள் காலை ஓவியத்தை ஏற்ற வான் வண்டி வரும்.

"இஞ்சருங்கோ, சுடலை மண்ணை மேல வைச்சுக்கொண்டு கீழ பிள்ளைக்குத் தண்ணி வார்க்கிறதே?" என்றாள் மனைவி.

"அது படம்தானப்பா."

"படமெண்டா நீங்கள் போய் அதுக்குப் பக்கத்தில படுங்கோ பாப்பம். சனம் வரப்போகுது, இறக்குங்கோ."

பட்டம் பெற்றவன் நான். ஆனாலும் அவளைவிட எனக்குத்தான் பயம் அதிகம். ஓவியத்தை இறக்கி, பின்வளவுக் கொட்டிலில் சாய்த்து வைத்தேன்.

மகளுக்கு ஆலாத்தித் தட்டு எடுக்கும்போது மழை பிடித்தது. கொட்டில் கூரையில் ஓட்டை இருந்தது எனக்குத் தெரியும். எழுந்து போனால் எங்கே, ஏன் என்று சபையில் கேட்பார்கள். சிரித்தபடி இருந்துவிட்டேன்.

மறுநாள் பார்த்தேன். பெண்களின் முழங்காலுக்குக் கீழே வெறும் துணி. செம்மண் சீமெந்துத் தரையில் வழிந்து கிடந்தது.

மாலையில் அவர் வந்ததும், "மேலறை ஒழுகியது. காப்பாற்றத்தான் அங்கே வைத்தேன்" என்றேன். கொட்டில் வாசலில் வெகுநேரம் நின்றார். பிறகு எனக்கு நன்றி சொல்லிவிட்டு மேலே ஏறினார். நான் படியடியில் காது கொடுத்து நின்றேன். காலடி நின்றது. இறங்கி வந்தார்.

"மேலறைக் கூரையில் ஈரமே இல்லையே."

நான் குனிந்து படிவிரிப்பைச் சரிசெய்தேன்.

"எங்கள் ஊரிலும் இதற்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. ஒரு சொல் சொல்லியிருந்தால் நானே சிநேகிதி வீட்டில் வைத்திருப்பேன். பயந்துதானே எடுத்தீர்கள்?"

"இல்லை, ஒழுகியது" என்றேன்.

திங்கள் காலை வான் வந்தது. ஏற்றுவதற்கு ஒன்றுமில்லை என்று அவரே வாசலில் நின்று ஓட்டுநரிடம் சொன்னார். நான் யன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன்.