தும்மல் விழுந்த கோடு

கல்முனையில், வயல் வாய்க்கால்களைப் பராமரிக்கிற அலுவலகம் ஒன்றில், படவரைஞராகச் சேரும் எவருக்கும் களஞ்சியத்திலிருந்து வட்டம் கீற ஒரு கவராயமும் நேர்கோடு கீற ஓர் அடிமட்டமும் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள். மருதமுனை முனவ்வறா கவராயத்துக்கு மட்டும் கையெழுத்து வைத்தாள். அடிமட்டத்துக்கு நேரே ‘வேண்டியதில்லை’ என்று எழுதினாள். எண்பதுகளில் களஞ்சியப் பொறுப்பாளர்கள் நாலு பேர் மாறினார்கள், ஒவ்வொருவரும் புதிதாகக் கையெழுத்து வாங்கினார்கள். அந்தச் சொல் மாறவில்லை. கோடு கீறிச் சம்பளம் வாங்குகிறவளுக்கு அடிமட்டத்தோடு என்ன பகை என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். பகை அடிமட்டத்தோடு அல்ல. அதை அவள் முக்காட்டுக்குள் ஒளித்து வைத்திருப்பதாகச் சொன்ன வாயோடு.

அது எழுபத்தொன்பதின் தொடக்கத்தில் நடந்தது. முந்தின நவம்பரில் அடித்த சூறாவளி, வாய்க்கால் தண்ணீரைத் திறந்து மூடும் துருசுகளை உடைத்ததோடு நில்லாமல், அலுவலகக் கூரையையும் தூக்கி, அந்தத் துருசுகளின் வரைபடங்களையும் ஊறவைத்துவிட்டது. திருத்துவதற்குப் படம் வேண்டும். படத்துக்கோ உடைந்ததைத்தான் போய்ப் பார்க்க வேண்டும். முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு மேசை விரிக்க முடியாது. ஆகவே, கையால் மட்டும் படம் கீறத் தெரிந்த இரண்டு பேர் தேவை என்று அறிவித்தார்கள்.

முனவ்வறாவுக்கு அப்போது இருபத்தேழு வயது. இரண்டு பிள்ளைகள், ஒரு கைத்தறி, ஓ.எல். சோதனையில் கணக்குக்குத் திறமைச் சித்தி. தறியில் ஏதாவது உடைந்தால் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் அதை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் கீறி, அளவுகளை இலக்கத்தில் எழுதித் தச்சுவேலை கச்சிமுகம்மதுக்கு அனுப்புவாள். அவர் ஒரு கேள்வியும் கேளாமல் செய்து அனுப்புவார். அது பொருந்தும். வாயால் விளக்கிச் செய்வித்த ஆண்களின் சாமான்கள்தான் இரண்டு தரம் திரும்பிப் போகும்.

சைக்கிள் திருத்துகிற அவளுடைய கணவன் மஜீட், சோதனைக்கு அவளைக் கரியரில் ஏற்றிவந்து, வாசல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டான்.

உள்ளே ஒன்பது பேர். அவள் ஒருத்திதான் பெண். மேசையில் ஒரு துருசுக் கதவை ஏற்றி இறக்கும் துருப்பிடித்த திருகுத் தண்டு கிடந்தது. தாள், பென்சில், அழிறப்பர் தவிர வேறெதுவும் கூடாது. ஒரு மணித்தியாலம்.

முனவ்வறா முதலில் மெல்லிய கோடுகளால் தண்டின் பருமனையும் நீளத்தையும் பிடித்தாள். பிறகு தண்டின் நீண்ட விளிம்புக்கு இரண்டு முனையிலும் புள்ளி வைத்தாள். தறிக்குப் பாவு நூல் நீட்டும்போது கண் தூரத்து முளையில் இருக்கும், நூலில் இராது. அதேபோலக் கண்ணை முடிவுப் புள்ளியில் நிறுத்தி, முழங்கையைத் தூக்கி, தோளிலிருந்து கையை இழுத்தாள். நடுவில் யாரோ தும்மினார்கள். தும்மியவருக்கு இறைவன் இரங்கட்டும் என்ற துஆவை அறையே முணுமுணுத்தது. மற்றப்படி அமைதி.

தாள்களைச் சேர்த்துக்கொண்டு வந்த மசூர் எஞ்சினியர் அவளுடைய தாளில் நின்றுவிட்டார்.

“தங்கச்சி, அந்த அடிமட்டத்தத் தாங்க.”

“எந்த அடிமட்டம் சேர்?”

“முக்காட்டுக்குள்ள இரிக்கிறது. இந்தக் கோடு பத்தங்குலம். கையால கீறினா ஆடும். ஆடாத கோடு கைக்கோடு இல்ல.”

பின்வரிசை வாங்கில் இருந்த ஒருவன் சிரித்தான்.

“ஆடினா மார்க் வெட்டுவீங்க. ஆடாட்டி களவெண்டுறீங்க. அப்ப என்னெண்டுதான் சேர் கீறுற?” என்றாள் முனவ்வறா.

மசூர் கேள்வி கேட்டுப் பழகியவர். கேட்கப்பட்டுப் பழகியவர் அல்ல. “டைப் அடிக்கிற றாபியாவக் கூப்பிடுறன். உள்ளுக்குப் போய் அவவிட்ட சேலைய உதறிக் காட்டிட்டு வாங்க. இல்லாட்டி ‘அடிமட்டம் பாவித்தார்’ எண்டு தாள்ள எழுதிப்போடுவன்.”

எழுதினால் வேலை போகும். அது ஒரு பக்கம். கல்முனையிலிருந்து மருதமுனைக்கு ஒரு சொல் மஜீட்டின் சைக்கிளைவிட வேகமாகப் போய்ச் சேரும் என்பது அவளுக்குத் தெரியும். அவள் எழுந்து நின்றாள்.

“என்னத் தேடாதீங்க சேர். ஒண்டும் கிடைக்காட்டி ஜன்னலால எறிஞ்சிட்டா எண்டுவீங்க. கோட்டத் தேடுங்க. அது நேரில்ல.”

“நேரில்லையா? இருவது வருசமா நான் கோடு பாக்கிறவன். இது நேர்.”

“கோணல்.”

“நேரெண்டுறன்!”

இப்படியாக, குற்றம் சாட்டியவர் கோட்டைப் புகழ, சாட்டப்பட்டவள் அதைத் தூற்றிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவள் சேலைக் கரையிலிருந்து ஒரு நூலை உருவி, இரண்டு கையாலும் இறுக்கிக் கோட்டின் மேல் பிடித்தாள்.

“இந்தா, ஆறாவது அங்குலத்துல பாருங்க.”

மசூர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஆறாவது அங்குலத்தில் கோடு நூலுக்கு மேலே, இன்னொரு நூலின் கனத்துக்கு எழும்பி இறங்கியிருந்தது. தன் சொந்த அடிமட்டத்தை எடுத்து வைத்தார். அதுவும் அவளுடைய கட்சிதான்.

“இதெப்பிடி இந்த ஒரு இடத்துல மட்டும்?”

“அது தும்மல் சேர். இந்தக் காக்கா தும்மினார்,” என்று பென்சிலால் ஒருவனைக் காட்டினாள்.

சம்மாந்துறை அபுல் ஹஸன், கூண்டில் ஏற்றப்பட்டவன்போல் எழும்பினான். “தும்மினதுதான் சேர். அல்ஹம்துலில்லாஹ்வும் சொன்னன்.”

“நான் வாய்க்குள்ள யர்ஹமுகல்லாஹ் சொன்னன். வாய் அசையக் கையும் அசைஞ்சிட்டு. நீங்களும் சொன்னீங்க சேர். எனக்குக் கேட்டிச்சி.”

சொல்லவில்லை என்று சொல்ல மசூரால் முடியவில்லை. ஒன்பது பேர் கேட்ட துஆவை எப்படி மறுப்பது? அடிமட்டம் தும்மலுக்குப் பதில் சொல்லாது என்பதும் அவருக்குத் தெரியும்.

“சரி. அப்ப கோடு வளைவு. ரெண்டு மார்க் வெட்டுவன்,” என்றார், மிச்சமிருந்த மரியாதையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு.

“வெட்டுங்க. ‘வளைவு’ எண்டு எழுதுங்க. ‘அடிமட்டம்’ எண்டு எழுதப்படாது. எழுதிட்டுக் காட்டுங்க.”

எழுதினார். அவள் நின்றபடியே வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

“என்ன புள்ள, பாஸா?” என்றான் மஜீட்.

“கோடு வளைவெண்டு எஞ்சினியர் தன்ட கையால எழுதித் தந்திட்டார்.”

“அதுக்கா இந்தச் சிரிப்பு?”

“நீங்க சைக்கிள எடுங்க.”

வெற்றி பெற்றவர்கள் அத்தோடு விடுவதுதான் வழக்கம். முனவ்வறா அடுத்த கிழமை பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டாள்: தும்மியது அபுல் ஹஸன் ஆதலால் அந்த இரண்டு மார்க்கையும் அவருடைய கணக்கில் வெட்டும்படி தாழ்மையுடன் கேட்டிருந்தாள். தாழ்மை அந்தச் சொல்லில் மட்டும்தான் இருந்தது. பதில் வரவில்லை. நியமனக் கடிதம் வந்தது, அவளுக்கும் அபுல் ஹஸனுக்கும்.

பிறகு பல வருடங்கள் அவள் வரம்புகளில் நின்று கைப்படம் கீறினாள். அபுல் ஹஸன் அலுவலகத்தில் அதை அடிமட்டம் வைத்து நல்ல படமாக்கினான். அளவு பிழை என்று ஒரு துருசுக் கதவும் திரும்பி வரவில்லை. பக்கத்து மேசையில் அவன் தும்மினால் முனவ்வறா முதலில் பென்சிலைத் தூக்குவாள். துஆ அதற்குப் பிறகுதான்.