உப்புப் போட்ட பாவு

கல்யாணமான புதுசு. தொண்ணூற்று மூன்றோ நான்கோ, சரியாக நினைவில்லை. நான் கோயமுத்தூரில் பவுண்டரி வேலையில் இருந்தேன். என்னோடு வேலை செய்த நண்பன் ஒருவன், அப்பாவின் தறியையும் இரண்டு ஏக்கர் காட்டையும் பார்க்கவென்று சோமனூர்ப் பக்கம் இருந்த தன் ஊருக்கே திரும்பிவிட்டான். புதுப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு விருந்துக்கு வா என்று சொல்லிவிட்டிருந்தான். ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் பஸ்ஸில் போனோம்.

போன நேரத்தில் தெருவை அடைத்துப் பாவு கட்டியிருந்தது. சேலையில் நீளவாட்டில் ஓடுகிற நூல்தான் பாவு. அதைத் தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, காயவைத்துச் சுருட்டின பிறகுதான் தறியில் ஏற்றலாம். ஒரு வீட்டுப் பாவுக்குத் தெருவே வந்து கை கொடுக்கும்.

"வா மாப்ளே. விருந்தும் இன்னைக்கே, பாவும் இன்னைக்கே. வானம் நமக்காகக் காத்திருக்குமா?" என்றான் நண்பன்.

மேற்கே மேகம் இருந்தது. நாலு நாளாகச் சாரலாம். மழை நன்றாக இறங்கிவிட்டால் அவன் ஏர் பூட்டப் போய்விடுவான். அதற்குள் இந்தப் பாவை நெய்து எடுத்தாக வேண்டும். வேறு நூல் கையில் இல்லை.

உள்ளே அடுப்பில் பெரிய பானையில் கஞ்சி கொதித்தது. நண்பனின் மனைவிக்குக் கோழி வேலை இருந்தது.

"கண்ணு, சித்தெ இந்தக் கஞ்சியக் கிண்டிக்கிட்டு இரு. கட்டி தட்டிப்போடும்" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போனார்.

என் மனைவி பொள்ளாச்சிக்குத் தெற்கே, தோப்புக்காரர் வீட்டுப் பெண். தறியைக் கண்டதில்லை. அவள் வீட்டில் களையெடுக்க ஆள் வந்தால் இப்படித்தான் பானையில் கஞ்சி கொதிக்கும். தெருவில் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்பதைப் பார்த்திருக்கிறாள். கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து வாயில் விட்டாள். சப்பென்று இருந்தது. உப்புச் சட்டியில் கையை விட்டு அள்ளிப் போட்டுக் கலக்கிவிட்டாள்.

கஞ்சியை ஆற்றித் தெருவுக்குக் கொண்டுபோனார்கள். நாரில் செய்த பெரிய பிரஷ்ஷால் இரண்டு பக்கமும் ஆள் நின்று தேய்த்துக்கொண்டு போனார்கள். பாதிப் பாவு நனைந்திருக்கும். எதிர்வீட்டுக்காரர் விரலை நாக்கில் வைத்தார். கஞ்சி புளித்திருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம்.

"ஏப்பா, கஞ்சி உப்புக் கரிக்குது."

"பாவுக் கஞ்சியில ஏதுங்க உப்பு?"

"நீ நக்கிப் பாரு."

நண்பன் நக்கிப் பார்த்தான். அடுத்தவரும் நக்கிப் பார்த்தார். தெருவே விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றது. ஆட்டுரலடியில் நின்ற என் மனைவியின் முகம் வெளுத்துப்போனது.

"கண்ணு, இது ஆருக்குன்னு நெனச்சுப் போட்டே?" என்றார் நண்பனின் மனைவி.

"எல்லாருக்குந்தானுங்க அக்கா."

ஒருத்தர் சிரித்தார். "பாவு மட்டும் வெறுங்கஞ்சியா குடிக்கும்? தொட்டுக்க ஒரு ஊறுகாயும் வெச்சிருந்தா தேவலை."

மற்றவர்களும் சிரித்தார்கள். நண்பன் சிரிக்கவில்லை, மேற்கே பார்த்தான். உப்பு ஈரத்தை இழுக்கும். காயாமல் சுருட்டினால் இழைக்கு இழை ஒட்டிக்கொள்ளும், தறியில் ஏற்றினால் அறுந்து அறுந்து போகும். அலசிவிட்டு மறுபடி கஞ்சி போட்டுக் காயவைக்க வானம் விடாது.

"போட்டது போட்டாச்சு. காயற வரைக்கும் பிரஷ்ஷ எடுக்காம ஓட்டுங்க" என்றான்.

என் மனைவி பக்கத்தில் வந்து, "ஏனுங்க, நாம ஊருக்குப் போயிரலாங்களா?" என்றாள்.

"பஸ் இல்ல" என்றேன். பஸ் இருந்தது.

நண்பனின் மனைவி அவள் கையைப் பிடித்துப் பாவுக்குப் பக்கத்தில் கூட்டிப்போனார். "அழுதீன்னா அதுலயும் உப்புத்தான். இந்தா, ஒட்டியிருக்கறத வெரல உட்டுப் பிரிச்சுக்கிட்டே போ. இழுத்துப்போடாத." அவளும் சேலையைச் செருகிக்கொண்டு பிரிக்கத் தொடங்கினாள். நானும் ஒரு பிரஷ்ஷை வாங்கிக்கொண்டேன். மண்ணிலும் இரும்பிலும் பழகின கை. முதலில் இரண்டு இழையை அறுத்தேன். அப்புறம் அழுத்தாமல் தேய்க்க வந்தது.

உச்சிவேளைக்குக் கோழிக் குழம்பு ஆகிவிட்டது. முறை வைத்துப் போய்ச் சாப்பிட்டு வந்தார்கள். என் மனைவி போகவில்லை.

"வந்து ஒரு வாய் தின்னுபோட்டுப் போ அம்மணி. விருந்தே உங்களுக்குத்தான்" என்றான் நண்பன்.

"காயட்டுங்ண்ணா."

அதற்குமேல் மேல்காற்று எழும்பியது. பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற காற்று, ஆளையே தள்ளும். மேகத்தைக் கிழக்கே ஓட்டிக்கொண்டு போய்விட்டது. பாவு விம்மி விம்மித் தாழ்ந்தது. ஓரம் முதலில் காய்ந்தது. நடுவில் மட்டும் பிசுபிசுப்பு போகவில்லை. அங்கேயே நாலு பேர் நின்று தேய்த்தோம். நிழல் கிழக்கே சாயும்போது நண்பன் உள்ளங்கையை வைத்து நெடுக நடந்து பார்த்தான்.

"சுருட்டலாம்."

அவள் அப்போதுதான் சாப்பிட்டாள். இரண்டு முறை சோறு வாங்கினாள்.

ஆனாலும் வீட்டுக்கு வந்து நாலைந்து நாள் அதே பேச்சு. தறியில் நிற்குமா, அறுமா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடவில்லை. அவளே கிளம்பி நின்றாள்.

போனதும் உள்ளே தறிக்குப் போனாள். நண்பன் குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தான். அரக்கு நிறத்தில் சேலை ஒரு முழத்துக்கு மேல் நெய்து சுருண்டிருந்தது. அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா நாலைந்து தரம் ஓடியது. ஓர் இழை அறுந்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

நண்பன் நூலை எடுத்துத் திருகி முடிச்சுப் போட்டான். தலையைத் தூக்கவில்லை.

"இது எல்லாப் பாவுலயும் அறுந்துபோறதுதான் அம்மணி. எங்கப்பன் போட்ட பாவுலயும் அறுந்துச்சு. இன்னைக்கு இதோட ரெண்டே."

மறுபடி மிதித்தான். நாடா ஓடியது. வெகுநேரம் அறவில்லை. அவள் நிலையிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அந்த முடிச்சு எப்படிப் போடறதுங்ண்ணா?" என்று கேட்டாள்.