சொரண்டாதீங்க மேஸ்திரி

எழுபதுகளில் திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி ரிப்பேர் கடையில் நான் மேஸ்திரி. கொண்டுவருகிற ஆளின் முகத்தை முதலில் பார்ப்பேன், குழலை அப்புறம்தான். எனக்குச் சந்தேகப் புத்தி.

ஒருநாள் காலையில் திருவாலங்காட்டுக் கரும்பு விவசாயி முனிரத்தினம் ஒற்றைக்குழல் துப்பாக்கியோடு வந்தார். குழல் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட், அங்கங்கே உரிந்திருந்தது.

"ஸ்கூட்டருக்கு அடிப்பாங்களே ஸ்ப்ரே, அதை இது மேலயே ஒரு கோட்டு அடிச்சிக் குடுங்க மேஸ்திரி. சாயங்காலம் பன்னிக் காவலுக்குப் போவணும்."

"நாலு தோட்டா சுட்டா சூட்டுல ஸ்ப்ரே உரிஞ்சிடும்ங்க. ப்ளூயிங் பண்ணிக்கோங்க. பழசைச் சொரண்டி, பாலிஷ் போட்டு, மருந்துல முக்கினா இரும்புலயே கலர் ஏறும். நாலு நாள் ஆவும்."

"ஐயோ, சொரண்ட மட்டும் சொரண்டாதீங்க!" என்று குழலைப் பிடித்துக்கொண்டார்.

போச்சுடா! திருட்டுத் துப்பாக்கி, நம்பரை ராவிவிட்டுப் பெயிண்ட் பூசியிருக்கிறான் இந்த ஆள் என்று முடிவே கட்டிவிட்டேன். கைவைத்தால் கடை லைசென்ஸே போய்விடும் என்று பயம்.

முதலாளியின் காதில் போட்டேன். அவரோ, "கேட்டதைச் செஞ்சி அனுப்புய்யா, போலீசு வேலை உனக்கெதுக்கு?" என்றார்.

நான் கேட்கவில்லை. துப்பாக்கியை முனிரத்தினத்தின் கையிலிருந்து வாங்கி, நம்பர் இருக்கும் இடத்தில் பிளேடு வைத்துச் சுரண்டினேன். நம்பர் முழுசாக இருந்தது, அவர் கொண்டுவந்த துப்பாக்கி லைசென்ஸ் புத்தகத்தோடும் ஒத்துப்போனது. எனக்கு அசடு வழிந்தது. ஆனால் பக்கத்திலேயே பிளேடு மெத்தென்று உள்ளே இறங்கியது. இரும்பில் பிளேடு இறங்குமா? தோண்டினேன். பட்டி! ஸ்கூட்டர் சொட்டைக்கு அப்புகிற அதே பட்டி. அதை எடுத்தால், தோட்டா உட்காரும் இடத்தில் விரல் நீளத்துக்கு விரிசல்.

"யாருங்க இதுக்குப் பெயிண்ட் அடிச்சது?"

"எங்க பாவா. அக்கா வீட்டுக்காரரு. அரக்கோணத்துல டிங்கரிங் கடை வெச்சிகினு இருக்காரு. சொரண்டினா துருப் புடிச்சிடும்னு அவருதான் சொன்னாரு."

"மட்கார்டுக்குப் பாக்கிற மாதிரி பட்டி பாத்துட்டாரு உங்க பாவா. சுட்டிருந்தா குழல் வெடிச்சி உங்க மூஞ்சிலதான் அடிச்சிருக்கும்."

முனிரத்தினம் விரிசலை விரலால் தடவிப் பார்த்தார்.

"நேத்து சுட்டுப் பாத்தேன் மேஸ்திரி. என் பொண்ணு பக்கத்துல ஒட்டிகினு நின்னுகினு இருந்தா. தோட்டா நமுத்துப்போயி வெடிக்கல. அதுக்குப் போயி தோட்டாவைக் கண்டபடி திட்டினேன்."

ப்ளூயிங் எதையும் மறைக்காது, பெயிண்ட் எல்லாவற்றையும் மறைக்கும். அந்த மனுஷனைத் திருடன் என்று நினைத்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். அதன்பிறகு பெயிண்ட் அடித்த துப்பாக்கி எது வந்தாலும் முதலில் குழலைச் சுரண்டினேன். ஆளின் முகத்தை அப்புறம்தான் பார்த்தேன்.