ராஜா வேஷக்காரரின் கையெழுத்து

வேங்கிக்காலில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்கும்போது நடுப்பகல். நாடக நடிகர்களின் கையெழுத்திட்ட படங்களைச் சேர்க்கிறவன் நான். ராஜா வேஷத்துக்குப் பேர்போன இந்த நடிகரின் படம் மட்டும் என்னிடம் இல்லை.

"அவரு போயி ரெண்டு வருசம் ஆவுதுங்க" என்கிறார் அவருடைய மனைவி. நான் எழுகிறேன்.

"உக்காருங்க. படந்தானே?"

கிரீடம் வைத்த படம் ஒன்றைக் கொண்டுவந்து, அந்த அம்மா ஒரே வீச்சில் கணவர் பெயரை எழுதுகிறார். நாடக நோட்டீஸ்களில் நான் பார்த்த அதே கையெழுத்து.

"நல்லா பழகியிருக்கீங்க."

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. பேனாவப் புடிச்சா கை தானா போவுது. என்னா எழுதியிருக்குன்னு படிங்க."

பெயரை உரக்க வாசிக்கிறேன்.

அந்த அம்மா உள்ளறைப் பக்கம் திரும்புகிறார். அங்கே காலி நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது.

"படிச்சிட்டாருங்க. ஒங்க பேரு சரியாத்தான் இருக்குதாம்."