யாகப்பம்மாள் பின்னிய புருஷன்

வேளாங்கண்ணிக்கு வாய் நீளம் என்று பாம்பன் கரை முழுக்க என்னைப் பேசுவார்கள். பேசட்டும். இந்தக் கதையை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்? யாகப்பம்மாள் சொல்லமாட்டாள். அவளுக்கு வாய் கிடையாது, கைதான் உண்டு. என் அண்ணன் கில்பர்ட்டைக் கட்டிக்கொண்டு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தது சுதந்திரம் கிடைத்த வருஷம். வந்த மறுநாளே அறுந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். புதுப்பெண் நாலு வார்த்தை பேசுவாள் என்று ஆசையாகப் போய் உட்கார்ந்த நான், நூல் உருண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் போனது அதற்கு ஒரு பத்து வருஷம் கழித்து. வானம் கறுத்துக் கிடந்த காலை. இன்றைக்குக் கடல் வேண்டாம் என்று ஆட்கள் கரையிலேயே நின்றுவிட்டார்கள். அவர்கள் ஓட்டிய வத்தை சம்மாட்டி சவேரியாருடையது. படகுக்காரருக்குப் படகு சும்மா கிடந்தால் வயிறு எரியுமே! பயமாக இருந்தால் சேலையைக் கட்டிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போங்கள் என்று எல்லோருக்கும் முன்னால் சிரித்தார். ரோஷக்காரப் பயல்கள், அண்ணனோடு சேர்த்து ஐந்து பேரும் ஏறிவிட்டார்கள். மூன்றாம் நாள் வத்தையின் பலகை ஒன்று ஒதுங்கியது. ஆள் ஒருவர்கூட ஒதுங்கவில்லை.

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் உடம்பு இருந்தால்தான் குழி. நவம்பர் மாதம் கல்லறைத் திருநாளுக்கு ஊரே பூவும் மெழுகுதிரியுமாக உள்ளே போகும். கடலில் போனவர்களின் பெண்டாட்டிகள் மட்டும் வாசலில் இருக்கிற பெரிய சிலுவையடியில் திரியைக் குத்திவிட்டு வெளியிலிருந்தே திரும்ப வேண்டும். யாகப்பம்மாள் ஊர்க் கமிட்டிக்குப் போய், புருஷன் பெயருக்கு உள்ளே ஓர் ஆள் நீளம் இடம் கேட்டாள். கமிட்டித் தலைவர் வேறு யார், அதே சவேரியார்தான். உடம்பைக் கொண்டு வா, இடம் தருகிறேன் என்றார். இதைச் சொல்ல அந்த நாக்கு எப்படிப் புரண்டது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அடுத்த வருஷமும் கேட்டாள். அதே பதில்.

அதன் பிறகுதான் அவளுக்குக் கனவு வரத் தொடங்கியது.

“அவரு கடலுக்கடியில நடந்து போறாரு வேளாங்கண்ணி. மேல இருந்து வெயிலு வல மாதிரி எறங்குது. அவரு ஒடம்பு பூரா அந்த வல ஓடுது. ஆனா அவரப் பிடிக்க மாட்டேங்குது” என்றாள் என்னிடம்.

எனக்குக் கோபம்தான் வந்தது. கூடப்பிறந்தவள் நான் இருக்க, அவன் ஏன் என் கனவில் வரவில்லை? அவளோ அழுதுகொண்டிருக்காமல், கண்டதைக் கையால் செய்து பார்க்கிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

வெள்ளைப் பருத்தி நூலில் ஓர் ஆளைப் பின்னினாள். பாதத்தில் ஆரம்பித்தாள். கெண்டைக்காலுக்கு வலைக்கண்ணி கூட்டுவாள், முழங்காலுக்குக் குறைப்பாள். அண்ணன் எந்த நிலைப்படியில் தலை குனிவான் என்று போய் நின்று பார்த்துவிட்டு வந்து நெஞ்சை அவிழ்த்து மறுபடியும் பின்னுவாள். உள்ளே பிரம்பு வளையங்களைக் கட்டித் தூக்கி நிறுத்தினாள். அண்ணனின் தோள், அண்ணனின் இடுப்பு. உள்ளே ஒன்றுமில்லை, வெறும் காற்று. முகம் வைக்கவில்லையே மதினி என்று கேட்டேன். கனவில் அவர் திரும்பவில்லை என்றாள்.

அடுத்தது வெளிச்சம். அதுதான் அவளைப் பாடாய்ப்படுத்தியது. அரிக்கேன் விளக்குக்கு முன்னால் வலைத்துண்டைத் தொங்கவிட்டாள். ஜெயில் கம்பி போல நிழல் விழுந்தது, அசையவில்லை. கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள், மங்கல். கடைசியில் அண்ணன் சவரம் செய்கிற கண்ணாடியை ஒரு தாம்பாளத்தில் படுக்கவைத்து, மேலே நாலு விரல் தண்ணீர் ஊற்றிச் சாயங்கால வெயிலில் வைத்தாள். வெளிச்சம் வலையாகவே எழும்பி வந்தது. ஆனால் அலை அடங்கியதும் வலையும் நின்றுபோனது. தேவிபட்டினத்துச் சீனி முகம்மது அப்போது பாம்பனில் கிராமபோன் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். உடைந்த பெட்டி ஒன்றின் மோட்டாரைக் கழற்றிக் கொடுத்தார். சுற்றுகிற தட்டில் ஒரு சங்குத் துண்டை ஒட்டவைத்தாள். சாவி கொடுத்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் அது தாம்பாளத்தை இலேசாகத் தட்டும். தண்ணீர் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

முதன்முதலாக வீட்டு வாசலில் வைத்து ஓடவிட்ட சாயங்காலம் ஊரே கூடிவிட்டது. வெளிச்ச வலை உடம்பில் ஏறி இறங்க, அண்ணன் நடந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், நடந்தான். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். ஆம்பிளைகள் அந்தக் காலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். கடலுக்குப் போகமாட்டோம் என்று நின்றவர்களை யார் ஏற்றி அனுப்பியது என்ற பேச்சு, அத்தனை வருஷம் கழித்து, வெளிப்படையாக வந்தது.

சவேரியார் சும்மா இருப்பாரா? கமிட்டியைக் கூட்டினார். கில்பர்ட்டுக்கு இடம் தருகிறோம், கல்லறைத் திருநாளன்றே அந்த உருவத்தை மரியாதையாக அடக்கம் செய்துவிடலாம் என்று தேனொழுகச் சொல்லி அனுப்பினார். மண்ணில் போட்டு மூடிவிட்டால் ஊர் வாயையும் மூடிவிடலாம் என்ற கணக்கு எனக்கா புரியாது? யாகப்பம்மாள் சரி என்றாள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. கண் பூக்கப் பின்னியதை இந்த ஆள் கையாலேயே புதைக்கக் கொடுக்கிறாயே, உனக்குச் சூடு சொரணை இல்லையா என்று கத்தினேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

“குழி தோண்டுவாகளா, இல்லையா?”

தோண்டினார்கள். அன்றைக்கு மழை விட்டு வெயில் அடித்தது. எங்கள் ஊரில் குழி வெட்ட வெளியாள் வருவதில்லை. கடலுக்குப் போகிறவர்களே வெட்டுவார்கள், ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டு அவர்களே மூடுவார்கள். உருவத்தை இறக்கினார்கள். ஜெபம் முடிந்தது. மண் போடுங்கள் என்றார் சவேரியார். முதல் ஆள் குனிந்து மண்ணை அள்ளினான். அள்ளியவன் குழிக்குள் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான்.

வலை! எங்கள் ஆட்கள் நைந்துபோன வலையைக்கூடக் கடலில்தான் விடுவார்கள், மண்ணுக்குக் கொடுக்கமாட்டார்கள். வலைமேல் மண் போட்ட கைக்குப் பிறகு மீன் படாது என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். சாயங்காலம் சாயங்காலமாக அதைக் கில்பர்ட்டாகவே பார்த்துப் பார்த்து, அது வலை என்பதையே இந்தப் புத்திசாலிகள் மறந்துவிட்டார்கள். அவன் மண்ணைக் கீழே போட்டான். அடுத்தவன் பின்வாங்கினான். கடலுக்குப் போகிற ஒருத்தனும் கை நீட்டவில்லை.

சவேரியாருக்கு முகம் சிவந்துவிட்டது. தானே ஒரு பிடி அள்ளினார். குழி விளிம்புக்கு வந்தார். அவருக்கு மூன்று வத்தை கடலில் ஓடுகிறது. கை மேலே எழும்பவில்லை.

அப்போதுதான் யாகப்பம்மாள் வாயைத் திறந்தாள். சத்தம் போடவில்லை. ஆனால் அத்தனை பேருக்கும் கேட்டது.

“காத்து நாள்ல அஞ்சு ஆளக் கடலுக்குள்ள தள்ளுன கை. இப்ப ஒரு வல மேல மண்ணத் தள்ளப் பயப்படுதோ சம்மாட்டி?”

 மண் அவர் விரலிடுக்கில் கொட்டிக்கொண்டே இருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கமிட்டியும் பின்னாலேயே போனது. கொடுத்த இடத்தைத் திருப்பிக் கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

நானும் அவளுமாக அண்ணனை மேலே தூக்கினோம். உருவத்தைச் சுமந்து வந்த துடுப்புகளைக் குழிக்கு இரண்டு பக்கமும் நட்டு, நடுவில் அவனை நிறுத்திக் கட்டினோம். அவள் மறக்காமல் கொண்டுவந்திருந்த தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி மோட்டாருக்குச் சாவி கொடுத்தாள். வெயில் சரிந்து வந்தது. வாசல் சிலுவையடியில் திரியோடு நின்ற மற்ற நாலு பெண்களும் முதன்முறையாக உள்ளே வந்தார்கள்.  பிறகு அவர்களில் ஒருத்தியான ஜோதிமேரி, யாகப்பம்மாள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, தன் புருஷனுக்கு வலது தோள் கொஞ்சம் இறக்கமாக இருக்கும் என்றாள். இன்னொருத்தி, தன் ஆள் இவ்வளவு உயரம் என்று கையைத் தூக்கிக் காட்டினாள். யாகப்பம்மாள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் சும்மா இருப்பேனா? வாசல் வரைக்கும் ஓடிப்போய், தெருவில் கமிட்டியாரோடு நின்றுகொண்டிருந்த அந்த முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

“சம்மாட்டி, இன்னும் நாலு குழிக்கு எடம் பாத்து வைங்க.”